வலைக்கு வெளியே

வேலம்பாளையம்
5 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று போனில் உன்னிடம் சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன். அம்மா பக்கத்திலேயே இருந்தாள், வாட்ஸ்அப்பையும் பார்த்துவிடுவாள். அதனால்தான் கடிதம்.

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய உங்கள் ஆலயத்து வண்ணக் கண்ணாடி ஜன்னல் படத்தைச் சபைப் பெண்களுக்குத் துணிப்பையில் அச்சடித்துத் தரச் சொன்னாள் அம்மா. நான் வேலை பார்க்கும் அச்சுக் கம்பெனியில் உட்கார்ந்து, அச்சுக்காகப் படத்தை ஒவ்வொரு கலராகப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் வரைந்திருந்த நல்ல மேய்ப்பரின் முகத்துக்குக் குறுக்கே சன்னமான கம்பி வலை. அதை அழித்துக்கொண்டே வந்தபோதுதான் உறைத்தது. கல் படாமலிருக்க வலையை வெளிப்புறம்தானே அடிப்பார்கள்? படத்தில் அது கண்ணாடிக்கு முன்னால் இருக்கிறது. அப்படியானால் வெளியே நின்று எடுத்த படம்.

காலை வெயிலில் அந்தக் கண்ணாடியின் சிவப்பு உன் மடியில் விழும் என்று எழுதினாயே. நீ உள்ளே போயிருக்கிறாயா, அக்கா?

அம்மா மார்ச்சில் அங்கே வருகிறாள். "எம்புள்ள போன எடத்துலயும் சபை புடிச்சுட்டாளுங்க" என்று பக்கத்து வீட்டு ரங்காத்தாளிடம் ஒரே பெருமை. "அப்ப வெள்ளைக்காரனுக்கே உம்புள்ளதான் பாட்டுச் சொல்லித் தர்றாளாக்கும்" என்கிறார் அவர்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் கீர்த்தனா


19 ஜனவரி

கண்ணு,

வெளியிலிருந்து எடுத்ததுதான். இங்கே டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். உள்ளே விளக்கு எரிந்தால்தான் வெளியே நிறம் தெரியும். மற்ற நேரம் வெறும் கறுப்பு. வேலை முடிந்து வரும்போது எடுத்தேன்.

வந்த முதல் ஞாயிறு வாசல்வரை போனேன். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நல்ல சிரிப்புத்தான். ஏனோ உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து ஞாயிறு வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சிவப்பு, நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் படுக்கையிலிருக்கும் மார்கரெட் அம்மா சொன்னது. விக்டோரியா ராணி காலத்தில் ஒரு நூல் மில் முதலாளி, செத்துப்போன மகள் நினைவாக வைத்த ஜன்னலாம். குளிப்பாட்டும்போதெல்லாம் சொல்வார். அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் சொல்லாதே. வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

சித்ரகலா


16 பிப்ரவரி

அக்கா,

விசா வந்துவிட்டது. அம்மா புறப்பட இன்னும் பதினேழு நாள். நீ இன்னும் சொல்லவில்லை. "சர்ச்சுக்குப் போனியா கண்ணு?" என்று அம்மா போனில் கேட்க, "போனேம்மா" என்கிறாய். நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுகிறேன்.

பைகளை வலையோடேயே அச்சடித்தேன். அம்மா தடவிப் பார்த்து, "இதென்ன சல்லடையாட்டம்?" என்றாள். "அங்க எல்லாம் அப்படித்தாம்மா" என்றேன். இப்போது நானும் பொய் சொல்லியாயிற்று.

கீர்த்தனா


9 மார்ச்

கீர்த்தனா,

இன்று அம்மாவோடு ஆலயத்துக்குப் போனேன். நேற்றுவரை சொல்ல வாய் வரவில்லை. வாசலில் பாட்டுப் புத்தகம் கொடுத்த பெண், அம்மாவைப் பார்த்து முதல் தடவையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். எங்கள் இரண்டு பேருக்குமே என்றேன்.

"என்ன கேக்கறாங்க? நீ என்ன சொன்னே?" என்றாள் அம்மா.

தமிழில் சொன்னேன். செருப்பைக் கழற்றக் குனிந்தவள் அப்படியே நின்றாள். பிறகு உள்ளே போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.

வீட்டுக்கு வந்ததும், அடுத்த ஞாயிறு எனக்கு வேலை உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன். ஆலயத்துக்குத் தான் தனியாகவே போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

அக்கா