டிவி சத்தம்

தோகா, வெள்ளிக்கிழமை.

அம்மாவுக்கு சேரன் எழுதுறது. உன் முட்டிவலி தேவலையா? அப்பா நல்லாதான் இருப்பாரு.

கம்பெனி மெடிக்கல்ல எனக்கு பி.பி. ஜாஸ்தியாம். மாத்திரை குடுத்துட்டாங்க, பயப்படாத. "முப்பத்திரண்டு வயசுலயேவா? சின்ன வயசுல வீட்ல அடி உதை உண்டா?"ன்னு டாக்டர் கேட்டாரு. உடம்பு அதை மறக்காதாம். இல்லவே இல்லன்னுட்டேன். நீ பழக்கிவிட்ட பொய், சட்டுனு வந்துடுச்சு.

அப்பா பெல்ட்டை உருவினா நீ ஓடிப்போய் டிவி சத்தத்தை ஏத்துவ. நெல்லிக்குப்பத்துல பக்கத்து வீட்டுக்குக்கூட என் அழுகை கேட்டதில்ல.

நேத்து போன் பண்ணப்போ டிவி அலறுச்சு. என் பொண்ணைக் கூப்பிடுன்னேன். தூங்குறான்னு சொன்ன. அந்தச் சத்தத்துலயா?

வெண்மதி பிரசவத்துக்கு அவ அம்மா வீட்டுக்குப் போனப்போ, ஸ்கூல் போயிடுமேன்னு பாப்பாவை உங்ககிட்ட விட்டது என் தப்பு. போன்ல சொன்னா நீ ஸ்பீக்கர்ல போடுவ, அப்பாவுக்குக் கேட்டுடும். அதான் லீவுல ஊருக்கு வர்ற என் ரூம்மேட் அருண்குமார்கிட்ட இதைக் குடுத்தனுப்புறேன். வாசல்ல கார்ல நிப்பாரு. பாப்பாவை இப்பவே அந்தக் கார்லயே சிதம்பரத்துல வெண்மதிகிட்ட கொண்டுபோய் விடு. மஞ்ச ஸ்வெட்டர் இல்லாம அவ தூங்கமாட்டா, மறக்காத. அவ வரைஞ்ச படம் ஒண்ணு அருண்குமார்கிட்ட குடு, என் கட்டில் பக்கத்துல ஒட்டணும்.

டூட்டிக்கு வண்டி வந்துடுச்சு. அப்பா கத்தினா டிவியை ஏத்திவெச்சிட்டுக் கிளம்பு. பக்கத்து வீட்டுக்குக் கேக்காது.

சேரன்