தன் கையால் போட்டுக்கொள்ளும் சட்டை

மார்ச் 4, செவ்வாய்

காலை முதல் பேண்ட்டுகளுக்குக் கால் மடித்துத் தைத்தே பொழுது போனது. ஊரில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கால் குட்டையாகிவிட்டது போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் அக்கா ஆபீஸ் போகவில்லை. விபத்துக்குப் பிறகு அவளுடைய வலது கை சும்மா தொங்குகிறது. தினமும் பக்கத்து வீட்டம்மா வந்து சட்டைக்குப் பட்டன் போட்டுவிடுவார். இன்று அவருக்குக் காய்ச்சல். எனக்குப் போன் பண்ணியிருந்தால் கடையிலிருந்து ஓடி வந்திருப்பேனே என்றேன்.

"உன்னையா? போடா. தம்பி முன்னால பட்டன் போடுன்னு நிக்கிறதுக்கு லீவு போட்டுட்டு வீட்டுலயே கெடப்பேன்."

ஊர் உலகத்துக்கெல்லாம் தைக்கிறேன். கூடப் பிறந்தவளுக்கு அவளே போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு சட்டை தைக்கத் துப்பில்லை. என்ன டெய்லரோ நான்!

மார்ச் 9, ஞாயிறு

காந்தம்! அக்காவின் கைப்பை 'டப்' என்று தானாக மூடிக்கொண்டதைப் பார்த்ததும் பொறி தட்டியது. சட்டையின் பட்டன் பட்டிக்குள் சின்னச் சின்னக் காந்தங்களை வைத்துத் தைத்தேன். வெளியே பட்டன் வெறும் அழகுக்கு. இரண்டு பக்கத்தையும் கிட்டே கொண்டுபோனால் போதும், ஒட்டிக்கொள்ளும்.

அக்கா உள்ளே போய் மாட்டிக்கொண்டு வந்தாள். கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். "காலர் கொஞ்சம் கோணல்டா" என்றாள், அழுதுகொண்டே. அவள் வாயிலிருந்து பாராட்டு வந்தால் இந்த அழகில்தான் வரும்.

மார்ச் 23, ஞாயிறு

சாப்பிடும்போது அக்கா திடீரென்று கேட்டாள். "இன்னும் அஞ்சு வருஷத்துல நீ எப்படி இருக்கணும்னு நினைக்கிற?"

"உயிரோட."

"விளையாடாதடா."

விளையாடவில்லை. நிஜமாகவே யோசித்ததில்லை. அடுத்தவர்களின் அளவை எடுத்தே பாதி ஆயுள் போய்விட்டது. எனக்கு என்ன வேண்டும்? சொந்தக் கடையா? இல்லை. போர்டில் பேரா? அதுவும் இல்லை. கை வராதவர்கள் தங்கள் கையால் போட்டுக்கொள்ளும் துணியைத் தைத்துக் கொடுப்பவனாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

எழுதிப் பார்த்தால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். கோடு போட்டு அடிக்க மனசு வரவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

அக்கா சொல்லி முதல் வாடிக்கையாளர் வந்துவிட்டார் — மார்க்கெட் மீன்கடைக்காரர். ஐஸில் கை வைத்தே விரலெல்லாம் மடங்கிப்போனவர். போன வாரம் அளவெடுத்த சட்டையை இன்று கொடுத்தேன். அங்கேயே போட்டுக்கொண்டு, தெருவில் போகிறவர்களை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். "இனிமே எம்பொண்டாட்டி காலையில என்னைத் திட்டிக்கிட்டே பட்டன் போட முடியாது. வேற நேரம் பாத்துத்தான் திட்டணும்!"

மனசு நிறைந்திருக்கிறது. அக்காவுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். போட்டால் கிண்டல் செய்வாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

முதலாளி கூப்பிட்டார். புதுக் கிளைக்கு நான்தான் கட்டிங் மாஸ்டராம். சம்பளம் ஒன்றரை மடங்கு. "ஆனா இந்தக் காந்தச் சட்டை வேலையெல்லாம் மூட்டை கட்டிடணும்பா. அங்க உனக்கு மூச்சு விட நேரமிருக்காது. மாசக் கடைசிக்குள்ள சொல்லு."

நல்ல மனுஷன். நல்லது நினைத்துத்தான் சொல்கிறார். அதனால்தான் தலைவலி.

ஏப்ரல் 18, வெள்ளி

மீன்கடைக்காரர் மனைவி கடைக்குள் புகுந்து கத்தினார். "எம்புருஷனைக் கொல்லப் பாத்தியாய்யா?"

அவர் நெஞ்சில் இதயத்தை ஓட்டுகிற பேஸ்மேக்கர் மிஷின் இருக்கிறதாம். காந்தம் அதற்குப் பக்கத்திலேயே இருந்து அதன் ஓட்டத்தைக் கெடுத்துவிட்டதாம். தலை சுற்றி மீன் கூடை மேலேயே விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதல் வேலையாகச் சட்டையைக் கழற்றச் சொன்னாராம்.

அவரும் சொல்லல. நானும் கேக்கல. இல்ல — அது மட்டும் இல்ல. அளவெடுக்கும்போது டேப்புக்கு அடியில சின்னதா ஒரு மேடு தட்டுச்சு. எனக்குத் தெரிஞ்சது. இது என்னங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. இழுத்துப் பிடிக்கக் கூடாதேன்னு அந்த இடத்துல அரை விரல் தாராளம் விட்டு வெட்டினேன். பெரிய கெட்டிக்காரன்னு நினைப்பு!

அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா?

ஏப்ரல் 19, சனி

பிழைத்துவிட்டார். எழுந்து உட்கார்ந்து டீ கேட்டாராம். கடவுளே, கோடி நன்றி.

ஏப்ரல் 21, திங்கள்

காந்தங்களை எல்லாம் டப்பாவோடு தூக்கிப் பரண்மேல் எறிந்தேன். முதலாளியிடம் சரி என்று சொல்லிவிடப் போகிறேன். நமக்கெதற்கு இந்த வம்பு?

"இந்தச் சட்டையையும் கழட்டிக் குடுத்துடட்டுமா?" என்றாள் அக்கா.

"உனக்கென்ன, நெஞ்சுல மிஷினா இருக்கு?"

"அப்ப சட்டை மேல தப்பில்ல. கேக்காம தைச்சதுதான் தப்பு. கேக்கக் கத்துக்கடா, மடையா."

தட்டைத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கதவைத் திறந்தால் மீன்கடைக்காரர்! பின்னால் அவர் மனைவி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

"மாஸ்டர், காந்தம் வேணாம். வேற ஏதாச்சும் வழி பண்ணுங்க. மறுபடி இவதான் பட்டன் போடுறா. கழுத்தை நெரிக்கிற மாதிரியே போடுறா."

"நெரிச்சுத்தான் இருக்கணும், நெஞ்சுல இருக்கறதைச் சொல்லாத மனுஷனை!" என்று அந்தம்மா கத்த, அக்கா குபீரென்று சிரிக்க, அந்தம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத்தான் அழுகை. மடங்கின அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன். அவர் என்னைத் தட்டிக்கொடுத்தார். என்னைத் தேடி வரவேண்டிய அவசியம் அவருக்கு என்ன? போலீசுக்குப் போயிருக்கலாம். வீட்டுக்கு வந்தார்.

ஏப்ரல் 30, புதன்

புதுக் கிளை வேண்டாம், இருக்கிற வேலையே போதும் என்று சொல்லிவிட்டேன்.

"பொழைக்கத் தெரியாத ஆளுய்யா நீ" என்று முறைத்தார் முதலாளி. நான் படியிறங்கும்போது மறுபடி கூப்பிட்டார். "புதன்கிழமை மத்தியானம் மேல ரூம் சும்மாதான் கெடக்கு. தைச்சுக்கோ. குப்பை போட்டா தொலைச்சிடுவேன்."

இத்தனை நல்லவர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு இத்தனை நாள் சலித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

மே 21, புதன்

காந்தத்துக்குப் பதில் வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வைத்துப் பார்த்தேன். பிரிக்கும்போது சர்ர்ர் என்று தெருவுக்கே கேட்கிறது. "ஸ்கூல் பையைத் தோள்ல மாட்டின மாதிரி இருக்கு" என்று தூக்கிப் போட்டாள் அக்கா.

ஜூன் 18, புதன்

ஜிப்! அடிப்பக்கம் மூடியே இருக்கும். தலைவழியாக மாட்டி, மடங்கின விரல் நுழைகிற வளையத்தைப் பிடித்து மேலே இழுத்தால் போதும். வெளியே பட்டன் வரிசை. மீன்கடைக்காரர் மறுபடியும் தெருவுக்குப் போய்விட்டார், காட்ட.

ஆகஸ்ட் 13, புதன்

கை நடுங்கும் ஒரு அம்மாவை அவர் மகள் கூட்டி வந்திருந்தாள். போன வாரமே எல்லாம் கேட்டுத்தான் அளவெடுத்தேன் — உடம்பில் மிஷின் உண்டா, எங்கே வலிக்கும், கை எவ்வளவு தூரம் தூக்க வரும். அக்கா அரை நாள் லீவு போட்டு வந்து, வளையத்தை எப்படி இழுப்பது என்று தன் புது ஜிப் சட்டையில் செய்து காட்டினாள்.

அந்த அம்மா சட்டையை வாங்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். மகள் பழக்கத்தில் பின்னாலேயே எழுந்தாள். "நீ இங்கயே இரு" என்று சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்தினார்.

வெகு நேரம் சத்தமே இல்லை. ஏதோ கீழே விழுந்தது. நான் எழுந்துவிட்டேன், அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். மகள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா கதவைச் சாத்தியே வருஷக்கணக்காச்சுங்க" என்றாள் மெதுவாக.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரும் வராதீங்க, கொஞ்சம் நேரமாகும்!"

ஆகட்டும் என்று மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.