குச்சுக்குள் இருந்து ஓடியவளுக்கு

என் அருமை அம்மா,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. இன்று காலை சித்தி உன்னைப் பற்றி ஒன்று சொன்னது. உன்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பேன்?

உன் பேத்தி யாழினி திங்கட்கிழமை வயதுக்கு வந்துவிட்டாள். அன்றைக்கே தம்பி, தாய்மாமன் முறைக்கு, வேப்பந்தட்டையிலிருந்து பச்சைக் கீற்று கொண்டுவந்து வாசலில் குச்சு கட்டிவிட்டான். பதினாறாம் நாள் தண்ணீர் ஊற்றும்வரை அவளுக்கு அந்தக் கீற்றுக் குடிசைதான். வெள்ளிக்கிழமை பெரம்பலூரில் கபடிப் போட்டி. "போவணும்மா" என்று அழுதாள். "பொம்பளப் புள்ளைக்கு ஆட்டம் என்ன வேண்டிக்கெடக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் அது உன் பேச்சு என்று உறைத்தது.

அதோடு விட்டேனா? பள்ளிக்கூடத்து பி.டி. சாருக்கு போன் போட்டு, "அம்மை போட்டிருக்கு சார்" என்று புளுகினேன். சடங்குக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இவள் போட்டோ போட்டு பேனர் வைக்கப்போகிறோம். வாத்தியாரிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. என் முறை வந்தபோது நீயும் இதே பொய்யைத்தான் சொன்னாய். ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து வாத்தியார்கள் ஒரு மாதம் என்னைப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே விடவில்லை. ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் கொடுத்திருந்தேன், அதுவும் போச்சு.

காலையில் உடையார்பாளையத்திலிருந்து சித்தி வந்தது. உளுந்தங்களி கிண்டிக்கொண்டே யார் கதையையோ சொல்வதுபோல் சொன்னது: "இவ பரவால்ல, அழுதுட்டு உள்ளயே கெடக்கா. உங்கம்மா குச்சுக்குப் பின்பக்கம் கீத்தப் பிரிச்சிட்டு ஓடுனவடி. முழுப்பரீட்சை எழுத. மூஞ்சில மஞ்சளோட போயி பெஞ்சுல உக்காந்துட்டா. எங்கப்பா பாதிப் பரீட்சையில கையப் புடிச்சி இழுத்தாந்துட்டாரு. அதோட படிப்பு முடிஞ்சிச்சி."

நீயா அம்மா?

"எனக்கு எங்கடி படிப்பு ஏறுச்சு" என்று சொல்லிச் சிரிப்பாயே. நாங்களும் சேர்ந்து சிரிப்போமே. நீ என் ரேங்க் கார்டைப் புரட்டும்போதெல்லாம் "ஒனக்கு என்னா தெரியும்" என்று எத்தனை தடவை வாயாடியிருக்கிறேன். ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதா?

அவ்வளவு பட்டவள், என்னைக் குச்சுக்குள் வைத்துவிட்டு வாசலை மறித்துப் பாய் போட்டுப் படுத்தாயே, ஏன்? நானும் ஓடிவிடுவேன் என்றா? இல்லை, ஓடினால் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரிந்ததாலா? உன் மேல் கோபம் கோபமாக வருகிறது. அழுகையும் வருகிறது.

மத்தியானம் சாருக்குத் திரும்பவும் போன் செய்தேன். "சார், அம்மையெல்லாம் இல்லீங்க. புள்ள வயசுக்கு வந்திருக்கு. பொய் சொல்லிட்டேன். வெள்ளிக்கிழம அனுப்பட்டுங்களா?" அவர், "அனுப்புங்கம்மா. அவளுக்கு ஒடம்பு முடியுமான்னு கேட்டீங்களா?" என்றார்.

கேட்கவில்லை அம்மா. மூன்று நாளாக தம்பி என்னிடம் கீற்று போதுமா என்று கேட்டான், சித்தி நல்லெண்ணெய் எங்கே என்று கேட்டது, பேனர் போடுபவர் போட்டோ கேட்டார். அவளை யாருமே ஒன்றும் கேட்கவில்லை. பெற்ற நானும் கேட்கவில்லை.

குச்சுக்குள் தலையை விட்டுக் கேட்டேன்.

"முடியும்மா. வவுத்து வலி நேத்தே நின்னுடுச்சி" என்றாள். கொஞ்சம் யோசித்து, "மாமா சண்டைக்கு வருமே?" என்றாள்.

"வரட்டும்."

வெள்ளிக்கிழமை ஊரே பார்க்கும்படி அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். ஆட்டம் முடியும்வரை கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்பேன். அவள் கையைப் பிடித்து இழுக்க யார் வந்தாலும் என்னைத் தாண்டித்தான் வர வேண்டும். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் மேல் கோபமும் ஆசையும் தீராத
உன் மூத்த மகள்,
அமுதா