வெள்ளிக்கிழமை கொடியைத் திறக்கிறேன்

உர்கெஞ்ச்
நவ்ரூஸ் பண்டிகைக்கு முந்தைய வாரம்

அன்பு மகன் மத்கரிமுக்கு அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றபடி நான் சுகம். நீயும் நஸிபாவும் என் பேத்தி ஃபெருஸாவும் அந்த யெகாதெரின்பூர்க் குளிரில் மூக்கு ஒழுகாமல், இருமல் இல்லாமல் இருக்க அல்லாவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ "சரிம்மா, சரிம்மா, அப்புறம் பேசுறேம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது, முழுசாகப் படித்துத்தான் ஆக வேண்டும். நம் கட்டடத்தில் நாலாம் மாடித் தில்ஃபூஸாவின் தம்பி அங்கே வேலைக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்திருக்கிறேன். கூடவே ஒரு பை உலர்ந்த திராட்சை இருக்கும், நம் கொடியில் காய்த்தது, அது பேத்திக்கு. நீ அதைத் தொடாதே, உன்மேல் எனக்குக் கோபம்.

ஏன் கோபம் என்று உனக்கே தெரியும். கீழ்த்தளத்து மூலை வீட்டை வாங்கி, ஜன்னலை இடித்து வாசலாக்கி, போன் கடை வைத்திருக்கிறானே ஷுஹ்ரத், தாஷ்கண்ட்காரன், அவன் நம் ஜன்னலுக்கு முன்னால் இருக்கிற தோட்டம் முழுவதையும் மூடிக் கல் பதித்துக் கார் நிறுத்த இடம் பண்ணப் பார்க்கிறான். கொடி நடுவில் நிற்கிறது, இக்லிமா அக்கா சரி என்றால் எங்களுக்கும் சரி என்று மற்ற வீட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள், நான் சரி என்று சொல்ல மாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும். அவன் என்னிடம் வரவில்லை. வீடு உன் பெயரில் இருக்கிறது என்று கண்டுபிடித்து உன்னைக் கூப்பிட்டிருக்கிறான், நீயும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தலையாட்டியிருக்கிறாய். ஜனவரியில் இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து பல்லைக் காட்டினான். "அம்மா, உங்க மகன்கிட்ட பேசிட்டேன். தாராளமா பண்ணிக்கோங்கன்னு சொல்லிட்டாரு. தங்கமான மனுஷன்!" நான் பெற்ற பிள்ளை தங்கமா தகரமா என்று கடைக்காரன் வந்து எனக்குச் சொல்கிறான்.

அப்புறம் நடந்ததைக் கேள். அவன் பந்தல் கால்களைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், முகமெல்லாம் சிரிப்பு. "கொடியை நீங்களே பிடுங்கிட்டீங்களா? ரொம்ப நல்லதும்மா, எங்களுக்கு வேலை மிச்சம்" என்றான். அவன் ஊர்ப் பக்கம் கொடியைப் பந்தலிலேயே விட்டுவிடுவார்கள் போலிருக்கிறது, இங்கே நவம்பரில் கொடியை இறக்கிப் படுக்கவைத்து மண்ணால் மூடாவிட்டால் பனி தின்றுவிடும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும். கொடி அவன் பூட்சுக்குக் கீழேதான் படுத்திருந்தது. அவன் நினைத்தபடியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் ஆட்களில் ஒருவன் நீளமான மண்மேட்டைக் காலால் உதைத்து "இது என்ன மேடு?" என்று கேட்டுவிட்டான். அப்போது மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து அனாபிபியின் குரல் வருகிறது. "அது சாணிடா தம்பி! போன வருஷத்து மாட்டுச் சாணி, மண்ணு போட்டு மூடி வெச்சிருக்கோம். வேணும்னா கிளறிப் பாரு, ஆனா அந்த பூட்சோட என் மாடிப்படியில கால் வைக்காதே!" அவன் பின்வாங்கிய வேகத்தைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும். பந்தல் கால்களை மட்டும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்காக அனாபிபியை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. தண்ணீர் வராத அந்த வருஷம், வாய்க்காலில் நம் முறை வந்தபோது, பச்சைப் பூப்போட்ட சட்டையும் மஞ்சள் தலைத்துணியுமாக வந்து, என் மடையை அடைத்துத் தன் கத்தரிக்குத் திருப்பிக்கொண்டாள், நம் தக்காளி முழுக்கக் கருகிப்போனது, உன் அப்பா "விடு, பாவம்" என்றார், அவருக்கும் அதற்காக ஒரு வாரம் சோறு மட்டும்தான் போட்டேன், பேச்சு இல்லை. அன்றிலிருந்து அவளோடு நான் பேசுவதில்லை. இப்போதும் அவள் என் கொடிக்காகச் சொல்லவில்லை, பக்கத்தில் இருக்கிற தன் கத்தரிப் பாத்திக்காகத்தான் சொன்னாள். இருந்தாலும் சாணி என்று சொன்னது நல்ல யோசனை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி கடைசியில் மணல் லாரி வரப்போகிறது என்று தில்ஃபூஸா ஓடிவந்து சொன்னாள். அந்தப் பெண்ணை உனக்குத் தெரியாது, வங்கியில் வேலை, பிறந்ததிலிருந்து மண்ணை மிதிக்காதவள். போன வசந்தத்தில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு சதகுப்பை விதைக்க வந்தாள். "மண்ணுல கை வெச்சா என் தலைவலி போயிடுதும்மா" என்றாள். "அப்போ மண்வெட்டியையும் பிடி, இடுப்புவலி வந்துடும், தலைவலி ஞாபகமே இருக்காது" என்றேன். சிரித்துக்கொண்டே பிடித்தாள், இப்போது கையுறை எங்கே போனது என்று அவளுக்கே தெரியாது. அன்று வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள், விதைப்புக்கு முன்னால் ஊர் முழுக்க நிலத்தில் தண்ணீர் தேக்கி மண்ணின் உப்பைக் கழுவுகிற காலம். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன், தில்ஃபூஸா இறங்கினாள், கூப்பிடாமலே அனாபிபியும் இறங்கினாள். தெருவோரம் கரை கட்டினோம், கொடி மேட்டைச் சுற்றி மட்டும் உயரமாக அணை வைத்தோம், மடையைத் திறந்துவிட்டோம். காலையில் லாரி வந்தபோது தோட்டம் முழுக்கக் குளம், வாத்து விடலாம்.

ஷுஹ்ரத் கடை வாசலில் நின்று குதித்தான். "என்ன பாட்டி இது?" போன மாதம் அம்மா, இப்போது பாட்டி. "உப்புக் கழுவுறோம் தம்பி" என்றேன். "நகரத்துக்கு நடுவுலயா?" என்றான். "உப்புக்கு நகரம், கிராமம்னு தெரியுமா என்ன?" என்றேன். "இது எப்போ காயும்?" என்றான். "வெயில் அடிச்சா காயும். அடிக்கலேன்னா இன்னொரு தடவை கழுவுவோம்." லாரிக்காரன் நம் ஊர்க்காரன், ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான், இந்தச் சேற்றில் வண்டியை இறக்க மாட்டேன் என்று சொல்லி, மொத்த மணலையும் ஷுஹ்ரத்தின் கடை வாசலிலேயே கொட்டிவிட்டுப் போய்விட்டான். இரண்டு நாள் அவன் வாடிக்கையாளர்கள் மணல் மேட்டில் ஏறி இறங்கித்தான் போன் வாங்கினார்கள்.

இப்போது எல்லாம் காய்ந்துவிட்டது. அதுதான் சங்கடம். மொட்டு வீங்க ஆரம்பித்துவிட்டால் மண்ணுக்குள் அழுகிப்போகும், அதற்கு மேல் கொடியை ஒளித்துவைக்க முடியாது. வெள்ளிக்கிழமை திறக்கிறேன். திறந்தால் அவன் பார்ப்பான், பார்த்தவுடன் உன்னைத்தான் கூப்பிடுவான், நீங்கள் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்பான். உனக்கு நான் எழுதுவதே அதற்காகத்தான்.

போனில் ஒரு தடவை சொன்னாய், "அது நம்ம நிலமே இல்லம்மா, நகரத்து நிலம்" என்று. நான் சின்ன வயதிலிருந்து இந்த வீட்டுக்கு வரும்வரை கூட்டுப் பண்ணைப் பருத்தியில் குனிந்தவள், ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியதும் அந்தப் பருத்திதான். அத்தனை மண்ணில் ஒரு கைப்பிடி எனக்கென்று கிடையாது, வரப்போரம் நான் ஊன்றிய நாலு பூசணியைக்கூட மேற்பார்வையாளன் செருப்புக் காலால் நசுக்கினான், அவன் பெயர் சொல்லட்டுமா, வேண்டாம், செத்துப்போய்விட்டான். இந்த வீட்டுக்கு வந்தபோது ஜன்னலுக்கு வெளியே என்ன இருந்தது? உடைந்த செங்கல், கண்ணாடி, சுண்ணாம்பு, மேலே பூத்த உப்பு. இடிந்த பழைய மண்சுவர்களின் மண்ணைச் சாக்கில் கட்டி, உன் அப்பா சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார், நீ பின்னால் பிடித்துக்கொண்டு வந்தாய், அந்த மண்ணைப் போட்டுப் போட்டுத்தான் அங்கே புல் முளைத்தது. பத்திரம் யார் பெயரில் இருந்தால் எனக்கென்ன? அந்த மண்ணை உண்டாக்கினது நாங்கள். நீ அங்கே ரோட்டோரம் கல் பதித்துத்தான் குடும்பத்தைக் காப்பாற்றுகிறாய், அதில் எனக்குக் குறையே இல்லை, யாராவது கேட்டால் நிமிர்ந்து நின்று சொல்கிறேன். ஆனால் என் ஜன்னலுக்கு வெளியே பதிக்க விடமாட்டேன். ஃபிளாட்டை விற்றுவிட்டு உன்னோடு வந்துவிடச் சொன்னாயே, அதற்கும் இதுவே பதில். அங்கே ஆறாம் மாடியில் உட்கார்ந்து நான் எதைத் தோண்டுவது, தரைக் கம்பளத்தையா?

இன்று காலை அனாபிபி மாடிப்படியில் எதிரே வந்தாள். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு "வெள்ளிக்கிழமை எப்போ திறக்கறாங்களாம்?" என்று கேட்டாள். நானும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னேன், "விடிஞ்சதும்" என்று. அது பேசியதில் சேராது. பந்தலுக்குப் புதுக் கால்களைத் தில்ஃபூஸாவின் புருஷன் கொண்டுவருகிறான்.

ஆகவே ஷுஹ்ரத் கூப்பிட்டால் நீ சொல்ல வேண்டியது ஒன்றுதான். "அது எங்க அம்மா மண்ணு, நான் அவங்களைக் கேக்காம பேசிட்டேன், தப்பு" என்று சொல். அதற்கு மேல் அவனோடு சிரித்துப் பேச வேண்டாம். இல்லை, கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்க மாட்டேன், ஆம்பளை வாக்கு என்று உனக்குத் தோன்றினால், அதையும் தடுக்கவில்லை. லீவு போட்டுவிட்டு வா. கோடரியை நானே தீட்டி உன் கையில் தருகிறேன். கடைக்காரனை அனுப்பாதே, கூலியாளை அனுப்பாதே, நீயே வெட்டு. நான் உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொள்ள மாட்டேன், பக்கத்திலேயே நிற்பேன்.

நஸிபாவுக்கும் குழந்தைக்கும் என் முத்தங்கள். உங்கள் மூன்று பேர் தலையிலும் நோய் நொடி அண்டாமல், வீட்டில் ரொட்டி குறையாமல் இருக்கட்டும். கல் தூக்கும்போது இடுப்பை வளைக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு. ஃபெருஸாவின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பு, கம்பளிக் காலுறை பின்ன வேண்டும்.

கோபத்தோடும் பாசத்தோடும்,
உன் அம்மா இக்லிமா