தம்பிக்கு விசா

20.7.58 ஞாயிறு

ஆடிக்காற்று. வீடெல்லாம் மணல், சோற்றில்கூட. அடுப்படி ஓடு இரண்டு பெயர்ந்து விழுந்தது. தம்பி யூசுப் ஏறி மாற்றினான். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு. அம்மா முற்றத்தில் நின்று, "பாத்துடா, பாத்துடா" என்று சின்னப் பையனை அதட்டுவது போல. அவனுக்கு முப்பத்திரண்டு வயது.

கராச்சியிலிருந்து வந்து ஒன்றரை மாதம். இனித் திரும்பப் போவதில்லை என்கிறான். பதினெட்டு வயதில் தோல் மண்டியில் கணக்கு எழுதப் போனவன். அப்போது அது வெளிநாடு இல்லை, பம்பாய் மாதிரி தூரத்து ஊர், அவ்வளவுதான். நடுவில் வந்து நிக்காஹ் முடித்தான், போனான். இந்தத் தடவை, அத்தா மௌத்தாகக் கிடந்தபோது ஊருக்கு வர அங்கே பாஸ்போர்ட் எடுத்தான். "அது இல்லாம கப்பல்ல ஏத்த மாட்டேன்னுட்டாங்கண்ணே." வந்து சேர்ந்தபோது மையத்தை அடக்கி நான்கு நாள் ஆகியிருந்தது. பாகிஸ்தான் பாஸ்போர்ட்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், தம்பி மகள் நூருக்குச் சிலேட்டு, அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம். நான்காம் வகுப்புக் கணக்கு நோட்டுகள் திருத்த வேண்டும். இன்னும் தொடவில்லை.

24.7 வியாழன்

மதியம் லீவு. யூ.வுடன் போலீஸ் ஸ்டேஷன். வாரா வாரம் கையெழுத்து. இன்று எஸ்.ஐ. உட்காரச் சொன்னார். நல்ல மனுஷர்தான், பெஞ்சைத் துண்டால் துடைத்துவிட்டார்.

"விசா ஆகஸ்டு முப்பத்தொண்ணு வரைக்கும் பாய். அதுக்குள்ள பொறப்படுற வழியப் பாருங்க."

"எங்க சார் பொறப்படுறது? பொறந்தது இங்க. பொண்டாட்டி புள்ள இங்க."

"பொறந்தத யாரு இல்லேன்னா? அந்த கவர்மெண்டுகிட்ட பாஸ்போர்ட் வாங்கிட்டீங்கள்ல? வாங்குனதோட இங்கிட்டு அத்துப் போச்சு. சட்டம் அப்புடி."

"ரெண்டு பக்கமும் இருக்கக் கூடாதா சார்?"

எஸ்.ஐ. சிரித்தார். கேலி இல்லை, சங்கடம். "ஒரே ஆளு ரெண்டு ஊரு ஓட்டர் லிஸ்டுல இருக்கலாமா பாய்?"

திரும்பும்போது உப்பளம் தாண்டித்தான் யூ. பேசினான். அங்கே அவனை மதராஸி என்றுதான் கூப்பிடுவார்களாம். உருது பேசினால் சிரிப்பார்களாம். "நீ எந்த ஊரும்பாங்க. இந்த ஊருப் பேரச் சொல்லுவேன். அவங்க வாயில நுழையாது. அதுக்கும் ஒரு சிரிப்பு."

அங்கே இருந்தவரை இதுதான் என் ஊர் என்று சொல்லவாவது முடிந்ததே என்று நினைத்தேன்.

3.8 ஞாயிறு

கிராம முன்சீப் வீட்டுக்குப் போனோம். அத்தாவுக்குச் சேக்காளி. யூ.வைக் கண்டதும், "வா மாப்ளே" என்று தோளில் கை போட்டு உள்ளே கூட்டிப்போனார். இளநீர். பிறப்புப் பதிவேட்டைப் பார்த்துச் சான்று எழுதிக் கொடுத்தார். கேட்காமலே இன்னொன்றும் எழுதினார்: இன்னார் நல்ல நடத்தை உள்ளவர், தலைமுறை தலைமுறையாக இவ்வூரார்.

"இதுக்கு மேல என்னத்த வேணும் அவங்களுக்கு? நான் தூக்கி வளத்த புள்ள. அங்கிட்டு எவன் கேட்டாலும் நான் வந்து சொல்றேன்."

யூ. அழுதுவிட்டான். முன்சீப்புக்கு என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு இளநீர் வெட்டச் சொன்னார்.

மனுவை இங்கிலீஷில் நானே எழுதினேன், தஞ்சாவூர் கலெக்டர் ஆபீஸுக்கு. மூன்று பக்கம். இந்தியப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறார், பாஸ்போர்ட்டை ஒப்படைக்கத் தயார். ரிஜிஸ்தர் தபால்.

டீக்கடையில், நான் வெளியே நிற்பது தெரியாமல்:

"எதுக்கு வந்திருக்கான்னு யாரு கண்டா? கடலோரம் வேற."

"சும்மா இருப்பா, யூசுப்புய்யா அவன். நம்ம கூடப் படிச்சவன்."

"படிச்சான். இப்ப யாரு?"

டீ குடிக்காமல் வந்துவிட்டேன்.

15.8 வெள்ளி

பள்ளியில் கொடியேற்றம். காற்றில் கயிறு சிக்கி, கம்பத்தில் பையனை ஏற்றிவிட்டு எடுத்தோம். ஆரஞ்சு மிட்டாய். நூரு பாட்டுக் கோஷ்டியில் முன்வரிசை. அவள் அம்மா ஜைனபு அவளுக்கு இரட்டைச் சடை போட்டு அனுப்பியிருந்தாள். பார்க்க யூ. வந்துவிட்டான். வர வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது, மகள் பாடுகிறாள்.

வேலிக்கு வெளியே நின்றான். கொடி ஏறியதும் எல்லோரும் சல்யூட். அவன் கை பாதி மேலே போனது. சுற்றிப் பார்த்தான். இறக்கிக்கொண்டான். பக்கத்தில் நின்ற கருவாட்டு வியாபாரி நகர்ந்து நின்றார்.

பிறகு ஹெச்.எம். என்னைத் தனியே அழைத்து, "தப்பா எடுத்துக்காதீங்க சார். தம்பி இந்தப் பக்கம் வராம இருந்தா நமக்கு நல்லது."

தப்பாக எடுக்கவில்லை என்றேன்.

சாயங்காலம் நூரு முற்றத்தில் உட்கார்ந்து மிட்டாய் சப்பிக்கொண்டே, "பெரியத்தா, அத்தா பாகிஸ்தானா? அப்ப நான் பாதி பாகிஸ்தானா?" வீட்டில் எல்லோருக்கும் கேட்டது. என் மனைவி கதீஜா எழுந்து போய் விளக்கேற்றினாள்.

19.8 செவ்வாய்

பள்ளி இன்ஸ்பெக்டர் திடீர் வருகை. வருகைப் பதிவேடு சரி. பகல் உணவுக் கணக்கு சரி. ஐந்தாம் வகுப்பு எழுத்து மோசம். எல்லாம் முடிந்த பிறகு, ஹெச்.எம். அறையில்:

"ஒங்க தம்பி ஒங்க வீட்லயேதான் தங்கியிருக்காராமே?"

"ஆமா சார். அவர் வீடும் அதுதான்."

"அது சரி. நீங்க ஜில்லா போர்டு உத்தியோகம். மேல கேக்குறாங்க. விசா முடிஞ்சும் வச்சிருந்தா ஒங்க வேலைய நான் காப்பாத்த முடியாது. அவருக்கும் ஒங்களுக்கும் என்ன சம்பந்தம், எவ்வளவு நாள் இருப்பாருன்னு எழுத்துல குடுத்துருங்க."

என்ன சம்பந்தம்?

நான் இந்தியன் என்பதற்கு என்னிடம் இருப்பவை: இந்த வேலை. ஓட்டர் லிஸ்டில் பெயர். அத்தாவின் கபர். வருஷா வருஷம் கொடிக் கயிற்றை முடிச்சுப் போடுவது நான்தான். போன வருஷம் வரை இவற்றை எண்ணிப் பார்த்ததில்லை.

இன்ஸ்பெக்டர் சொன்னதை யூ.விடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. கேட்டாளா என்றுகூடத் தெரியவில்லை.

23.8 சனி

தஞ்சாவூரிலிருந்து பதில். இரண்டே வரி. கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது, ஏற்பதற்கில்லை, குறித்த தேதிக்குள் வெளியேற வேண்டும். முன்சீப்பின் சான்றுகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

யூ. வாங்கிப் படித்தான். அவனுக்கு இங்கிலீஷ் அரைகுறை. "‘நாட்’னு இருக்குறது மட்டும் புரியுதுண்ணே" என்றான்.

ஜைனபு உள்ளிருந்து வந்தாள். வழக்கமாக என் முன்னால் நின்று பேசமாட்டாள். இன்று பேசினாள். "நானும் புள்ளையும் வாரோம். எங்க போனாலும் சேந்து போவோம்."

"வேணாம்."

"ஏன் வேணாம்? எட்டு வருசமா லெட்டரோட குடும்பம் நடத்துறேன். போதும்."

"அங்க வந்தா ஒனக்கும் அந்தப் பாஸ்போர்ட்டுதான். ஒங்கத்தா மௌத்துக்கு நீயும் விசா கேட்டு நிக்கணும். இவளும் நிக்கணும். நான் ஒருத்தன் கெட்டது போதும் ஜைனபு."

அவள் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அம்மா. பாயில் படுத்தபடியே, முகத்தை இந்தப் பக்கம் திருப்பாமல்.

"யூசுப்பு, நீ போயிரு."

"அம்மா?"

"ஒங்கண்ணன் வேலை போனா இந்த வீட்ல எல்லாரு வயிறும் காயும். ஒம் பொண்டாட்டி புள்ளையும் அதுல சேத்திதான். போயிருடா. சட்டம் என்னைக்காவது மாறுனா வா. நான் இருந்தா பாத்துக்க."

எட்டு வருஷம் தொழுகைக்குத் தொழுகை அவன் பெயரைச் சொல்லி அழுதவள். இன்று அழவில்லை. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை எழுதிவிட வேண்டும், இங்கேயாவது. பிறகுதான் மற்றதெல்லாம்.

ராத்திரி யாரும் சாப்பிடவில்லை. மீன்குழம்பு கெட்டுப்போனது.

28.8 வியாழன்

எஸ்.ஐ. வரச்சொல்லி ஆள் அனுப்பினார். வாக்குமூலம் தயாராக எழுதி வைத்திருந்தார். இன்னாரின் உடன்பிறந்த அண்ணனாகிய நான், மேற்படியார் பாகிஸ்தான் பிரஜை என்றும், விசாக் காலம் முடிந்தபின் அவருக்கு என் வீட்டில் இடம் அளிக்கமாட்டேன் என்றும், அவரைப் பற்றித் தகவல் தெரிந்தால் உடனே தெரிவிப்பேன் என்றும்.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். யூ. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

"போடுங்கண்ணே. உள்ளதத்தானே எழுதியிருக்கு."

போட்டேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் அதைப் பார்த்துத்தான் எழுதச் சொல்வேன். அவ்வளவு நன்றாகவே விழுந்தது.

எஸ்.ஐ. எங்கள் இருவருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார். யூ. குடித்தான்.

29.8 வெள்ளி

ஜும்மா முடிந்து அத்தாவின் கபருக்குப் போய்விட்டு வந்தான். சாமான்: ஒரு டிரங்குப் பெட்டி, படுக்கை, கருவாட்டுப் பொட்டலம், ஜைனபு சுட்ட ரொட்டி. அம்மா பாயிலிருந்து எழவில்லை. அவள் தலைமாட்டில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் அவள்தான் கையை உருவிக்கொண்டாள். நூரு அழுதாள். அவள் அழுததைப் பார்த்து என் பிள்ளைகளும்.

அறந்தாங்கிக்குப் பஸ். ரயில் ஒரு மணி நேரம் தாமதம். மெட்ராஸ் போய், பம்பாய் போய், அங்கிருந்து கப்பல். பிளாட்பாரத்தில் வேப்பமர நிழல். பேசுவதற்கு ஏதேதோ தேடினேன். மெட்ராஸில் எங்கே இறங்க வேண்டும், தண்ணீர் எங்கே குடிக்கலாம். எல்லாம் அவனுக்குத் தெரிந்தவை.

ரயில் கைகாட்டி விழுந்த பிறகு சொன்னான்.

"அண்ணே, நீங்க ஒரு வார்த்த போடான்னு சொல்லிருந்தா அன்னைக்கே போயிருப்பேன். அம்மாவ ஏன் சொல்ல வச்சீங்க?"

பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். ஜன்னலில் முகம் தெரியவில்லை, கூட்டம். ஸலாம் சொன்னானா என்றும் கேட்கவில்லை.

1.9 திங்கள்

பள்ளி. விளக்கம் எழுதி ஹெச்.எம்.மிடம் கொடுத்தேன். "மேற்படியார் வெளியேறிவிட்டார்." ஹெச்.எம். கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டாம் வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்கு அம்மை. நூரு பள்ளிக்கு வரவில்லை. வயிற்றுவலியாம்.

9.9 செவ்வாய்

லெட்டர் இல்லை. மெட்ராஸிலிருந்து ஒரு கார்டு போடச் சொல்லியிருந்தேன். தபால்காரர் என்னைக் கண்டாலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

அம்மா என்னிடம் பேசுகிறாள். தைலம் தீர்ந்துவிட்டது, ஆட்டுக்குத் தழை வேண்டும். அவ்வளவுதான் பேசுகிறாள்.

16.9 செவ்வாய்

நல்ல வெயில். சாயங்காலம் எஸ்.ஐ. சைக்கிளில் வீட்டுக்கே வந்தார். உள்ளே வரவில்லை.

"சார், ஒங்க தம்பி கப்பல் ஏறல."

"என்ன சொல்றீங்க?"

"பம்பாய்ல கேட்டாச்சு, அந்தப் பேருல யாரும் போகல. மெட்ராஸ்லயும் பதிவு இல்ல. வழியில எங்கயோ எறங்கிட்டாரு. வந்தாரா?"

"இல்ல."

"வந்தா சொல்லிருங்க சார். எழுதிக் குடுத்திருக்கீங்க. கெடச்சா இனிமே ஜெயிலுதான், அப்புறம் நானும் ஒண்ணும் பண்ண முடியாது." சைக்கிளில் ஏறியவர் மறுபடி இறங்கினார். "ஏன் சார் இப்புடிப் பண்ணாரு?"

எனக்கு எப்படித் தெரியும்.

கதவுக்குப் பின்னால் ஜைனபு கேட்டுக்கொண்டிருந்தாள். எஸ்.ஐ. போன பிறகு, "மச்சான், மெட்ராஸ் ரொம்பப் பெரிய ஊரா?" என்றாள். "பெரிய ஊருதான்" என்றேன். "அப்ப ஆள மறைச்சுக்கலாமா?" முகத்தில் ஒரு வெளிச்சம். அதைப் பார்க்க முடியாமல் வாசலுக்கு வந்துவிட்டேன்.

எங்கே இருப்பான்? எந்த ஸ்டேஷனில் இறங்கினான்? எதைச் சாப்பிடுகிறான்? யாரிடம் என்ன பெயர் சொல்கிறான்?

18.9 வியாழன்

தெருமுனையில் புதிதாக ஒரு ஆள், மப்டியில். பீடி குடித்துக்கொண்டே நம் வீட்டைப் பார்க்கிறான். பள்ளிக்குப் போகும்போதும் அங்கேதான், திரும்பும்போதும் அங்கேதான். கதீஜா, "நம்ம புள்ளைக எதிர்காலத்தையும் கொஞ்சம் நெனைங்க" என்றாள். நினைக்கிறேன். வேறு எதை நினைக்கிறேன்?

20.9 சனி

காலையிலிருந்து புழுக்கம். மழை வரும் போல, வரவில்லை. நோட்டுகள் திருத்தி முடித்தேன்.

சாயங்காலம் மக்ரிபு தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தபோது அம்மா கூப்பிட்டாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அவன் வந்தா சொல்லிருவியாடா?"

"அம்மா, கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"அதக் கேக்கல. சொல்லிருவியா?"

சொல்லமாட்டேன் என்று வாயில் வரவில்லை. சொல்லுவேன் என்றும் வரவில்லை. அம்மா தஸ்பீஹ் மணியை எடுத்து உருட்ட ஆரம்பித்தாள்.

கதீஜா சொல்லித்தான் தெரியும். எஸ்.ஐ. வந்துபோன நாளிலிருந்து கொல்லைக் கதவை அம்மா தாழ் போட விடுவதில்லையாம். ஆட்டுக்குட்டி போய்வரணும் என்கிறாளாம். நான் போய்ப் பார்த்தேன். ஒருக்களித்து வைத்திருந்தது. கடல்காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

வந்தால்தானே சொல்வதா வேண்டாமா என்பது. கதவு பூட்டியிருந்தால் திரும்பிப் போய்விடுவான். எங்காவது பிழைத்துக்கொள்வான். இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

தாழ்ப்பாளை நான்தான் போட்டேன். சத்தம் வரக்கூடாதென்று மெதுவாகத்தான் போட்டேன். அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து, பாயை அந்தக் கதவோரம் இழுத்துப் போட்டுப் படுத்துக்கொண்டாள். தாழ்ப்பாளைத் தொடவில்லை. என்னையும் பார்க்கவில்லை.