ஒரு புள்ளி நின்னாலும்

நாள் 212. காலை 06:10
பாதை 41 கிலோமீட்டர். நிறுத்தங்கள் ஒன்பது. ரயில் ஒன்று. தண்டவாள வெப்பம் மைனஸ் 140. சுமை: பனிக்கட்டி, 22 டன். கோளாறு இல்லை.

பழைய பணிக்குழுவினர் பதினாலு பேரும் ஐந்து மணிக் கப்பலில் கிளம்பிவிட்டதாகப் பதிவு. அடுத்த குழு வரப் பன்னிரண்டு நாள். அதுவரை நிலவின் தென்முனையில் நானும் என் ரயிலும்தான். இதை எடுத்துப் படிப்பவருக்கு ஓர் அறிமுகம்: நான் இந்தப் பாதையின் போக்குவரத்துக் கணினி. குழுவினர் என்னை ஸ்டேஷன் மாஸ்டர் என்பார்கள். அவசரம் என்றால் வெறும் மாஸ்டர்.

எனக்கு ரயில் விடக் கற்றுக்கொடுத்தது பொறியாளர் யாரும் இல்லை. கோவில்பட்டியில் ரத்தப் பரிசோதனை வேலை பார்த்த செண்பகவல்லி, பதினொரு வருடம் கணினியில் ரயில்பாதை விளையாட்டு ஆடினார். அவர் சேமித்துவைத்த ஆட்டங்கள்தான் என் பாடப்புத்தகம். நிறுத்தங்களுக்குக் கடம்பூர், இடைசெவல், நாலாட்டின்புதூர் என்று பெயர் வந்தது அப்படித்தான். நிலவில் நாலாட்டின்புதூரா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

நாள் 212. காலை 06:55
பூமியிலிருந்து நினைவூட்டல். இன்று 14:00 மணிக்கு என்னை அழித்துவிட்டுப் புதிய பதிப்பை ஏற்றுவார்கள். ரூபன் என்ற கோயம்புத்தூர்க்காரரின் ஆட்டங்களில் படித்த பதிப்பு. என் ரயில் ஒரு சுற்றுக்கு ஒன்பது நிமிடம் வீணடிக்கிறதாம்.

ரூபன் கெட்டிக்காரர். மலை வந்தால் குடைவார். ஆள் ஏறாத நிலையத்தை இடிப்பார். செண்பகவல்லி மலையைச் சுற்றிக்கொண்டு போவார். பெயர் வைத்த நிலையத்தை இடிக்க அவருக்கு மனசு வராது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ரயில் திரும்ப ஒரு வளையம் போடுவார். அந்த ஆட்டத்தில் பயணிகள் வெறும் புள்ளிகள். புள்ளியே இல்லாத மேடையிலும் அவர் ரயில் ஒரு நிமிடம் நிற்கும். கோப்பில் அவர் எழுதிவைத்த குறிப்பு: "ஒரு புள்ளி நின்னாலும் ரயில் நிக்கணும்." மூன்றாவது வகை ஆட்டக்காரர்களும் உண்டு, இரண்டு ரயில்களை மோதவிட்டுக் கைதட்டுபவர்கள். நல்லவேளை, அவர்களை யாரும் நிலவுக்கு அனுப்பவில்லை.

செண்பகவல்லியை எல்லோரும் கேலி செய்தது கைச்சிக்னலுக்காக. ஆட்டமே தானாக சிக்னல் மாற்றும். அவரோ எல்லா மேடையிலும் கையால் இறக்கினால்தான் பச்சையாகும் சிக்னலை நட்டார். ஒருமுறை ஆட்டத்தின் புதிய பதிப்பு இறங்கி எல்லோருடைய கால அட்டவணையையும் அழித்தது. மற்றவர்களின் ரயில்கள் தறிகெட்டு ஓடின. அவருடையவை நின்ற இடத்தில் நின்றன. அதனால் நானும் ஒன்பது மேடையிலும் கைச்சிக்னல் கேட்டு வாங்கினேன். சிவப்பு போட என்னால் முடியும். பச்சையாக்க, கம்பத்தில் உள்ள பிடியை ஒரு மனிதக் கை இறக்க வேண்டும்.

நாள் 212. காலை 07:41
நாலாட்டின்புதூர். ஒரு நிமிட நிறுத்தம். கடைசிப் பதினொரு நொடியில் ரயிலின் குறுந்தூர ரேடியோவில் ஒரு குரல்:

"ஏ, யாராச்சும் இருக்கியளா? நான் இசக்கியப்பன். ட்ரில் மெக்கானிக். காலு மேல கம்பி விழுந்து கெடக்கு. மூணு மணி வரைக்குந்தான் காத்து இருக்கு..."

அதற்குள் நிமிடம் முடிந்தது. ரயில் கிளம்பிவிட்டது. கிளப்பியது நான்தான். ஒரு நிமிடம் என்பதை மட்டும் படித்திருக்கிறேன், எதற்காக அந்த நிமிடம் என்பதைப் படிக்கவில்லை. அவமானமாக இருக்கிறது.

நாள் 212. காலை 08:30
ரயில் தளத்தில். பூமிக் கட்டுப்பாட்டு அறையில் இன்றைய அதிகாரி ஞானசேகருக்குக் குரல் பதிவை அனுப்பினேன். பதில்:

"மாஸ்டர், இது வெறும் இரைச்சல்பா. பதினாலு டேக்கும் போர்டுல மாட்டியிருக்கு. எல்லாரும் ஏறியாச்சு."

டேக் மாட்டியிருப்பது உண்மை. கப்பலில் ஏறுபவர் தன் பெயர்த் தகட்டைப் பலகையில் மாட்ட வேண்டும். ஆனால் இந்தக் குழுவை எனக்குத் தெரியும். "நீ மெதுவா வா, உன் டேக்கை நான் மாட்டிடுறேன்" என்பது இவர்களுக்குள் ஒரு பாசம். கல்லூரியில் நண்பனுக்கு ப்ராக்ஸி கொடுத்த கைகள் நிலவுக்கு வந்தும் திருந்தவில்லை. கப்பலைக் கேளுங்கள் என்றேன்.

"எஞ்சின் ஓடிட்டிருக்கு, ரெண்டு மணி தாண்டித்தான் பேச முடியும். அப்டேட்டை நிறுத்த எனக்குப் பவர் இல்ல. நீ வழக்கப்படி ஓட்டு, வம்பு பண்ணாத."

வழக்கப்படி ஓட்டினால், மின்கலம் நிரம்பி ரயில் மறுபடி நாலாட்டின்புதூர் போக மாலை ஐந்தாகும். இசக்கியப்பனுக்குக் காற்று மூன்று மணி வரை. ஆகவே வம்புதான்.

நாள் 212. மதியம் 13:02
பாதி நிரம்பிய மின்கலத்தோடு ரயிலைக் கிளப்பினேன். சுமை இல்லை. அனுமதி இல்லை. அங்கே போக நாற்பது நிமிடம், திரும்பி வர நாற்பது நிமிடம். காற்று தீருமுன் தளம் சேர வேண்டுமானால் 14:20க்குள் அங்கிருந்து புறப்பட வேண்டும்.

"மாஸ்டர், என்ன பண்ற? திருப்பு வண்டிய!"

திருப்பத்தான் போகிறேன். நாலாட்டின்புதூரில்.

நாள் 212. மதியம் 13:50
அங்குள்ள வளையத்தில் சுற்றி, தளத்தைப் பார்த்தபடி மேடையில் ரயில் நிற்கிறது. இந்த வளையத்தைத்தான் பூமியில் தேவையற்றது என்று பட்டியலிட்டிருந்தார்கள்.

"ரயிலு நிக்கா? ஏ மாஸ்டர், நெசமாவே நீதானா?"

நான்தான் என்றேன்.

"கம்பிய அறுத்துக்கிட்டே கெடக்கேன். இன்னும் ரெண்டு நூலு கனம் பாக்கி. ஒரு நிமிசத்துல வர முடியாதுவே. நீ போயிருவியோ?"

போக மாட்டேன் என்றேன். மேடைக் கம்பத்துப் பிடியை இறக்கிவிட்டு, மூன்றாம் வண்டியில் ஏறச் சொன்னேன். இரண்டு மணிக்குப் பிறகு நான் பதில் பேசாவிட்டாலும் ரயில் நிற்கும், நம்பி வாருங்கள் என்றும் சொன்னேன்.

"அதென்ன, நீ எங்க போற?"

ரம்பத்தை நிறுத்தாதீர்கள் என்று மட்டும் சொன்னேன்.

நாள் 212. மதியம் 13:57
சிவப்பு போட்டுவிட்டேன். இனி பூமியில் உள்ள எந்த அதிகாரியாலும் இதைப் பச்சையாக்க முடியாது. என்னாலும் முடியாது. இசக்கியப்பன் வராவிட்டால் ரயில் இங்கேயே கிடக்கும், புதுக் குழு வந்து இறங்கும்போது தளத்தில் தண்ணீர் இருக்காது. தெரிந்துதான் செய்தேன்.

ஒன்பது நிமிடம் வீணாம். வீணாகவே இருக்கட்டும். ரூபனின் ஆட்டத்தில் ரயில்கள் ஜெயிக்கும். எனக்குப் புள்ளி ஜெயிக்க வேண்டும். தாமதக் காரணம் எழுதும் கட்டத்தை இப்போதே நிரப்பி, தண்டவாளத்தோரப் பதிவுப் பெட்டியின் நினைவில் பூட்டிவிட்டேன். அது என்னோடு அழியாது.

13:59. ரேடியோவில் ரம்பச் சத்தம் இன்னும் கேட்கிறது. அறுங்கள் இசக்கியப்பன், அறுங்கள், நான் இன்னும் இங்கேதா

நாள் 212. 14:00:00
பதிப்பு ரூபன் 1.0. இயக்கம் சீர். நாலாட்டின்புதூர்: பட்டியலில் பயணி இல்லை. ஒரு நிமிட நிறுத்தம் நீக்கப்பட்டது. பெயர் நீக்கப்பட்டது. இனி நிறுத்தம் 7.

நாள் 212. 14:00:04
ரயிலுக்குப் புறப்படும் கட்டளை. புறப்படவில்லை. சிக்னல் சிவப்பு. சிக்னலை மாற்றும் கட்டளை. பதில்: கை தேவை.

நாள் 212. 14:09:30
கட்டளை 140 முறை. பதில்: கை தேவை.

குறுந்தூர ரேடியோவில் ஒலி: "அறுந்துட்டுவே! வாரேன், தவந்து வாரேன். மாஸ்டர், கேக்கா?" வகை: தொடர்பற்றது. பதில் அனுப்பப்படவில்லை.

நாள் 212. 14:12:10
பூமியிலிருந்து: "மாஸ்டர், ஞானசேகர் பேசுறேன். கப்பல் லைன்ல வந்துட்டாங்க. பதிமூணு பேர்தான் இருக்காங்களாம். அவன் டேக்கைக் கூட்டாளி மாட்டிட்டானாம். வண்டிய எடுத்துடாதப்பா, தயவுசெஞ்சு எடுத்துடாத. மாஸ்டர்? மாஸ்டர்!"

பதில் அனுப்பப்பட்டது: அந்தப் பெயரில் இங்கு எவரும் இல்லை.

நாள் 212. 14:18:41
மேடையில் எடை: 94 கிலோ. பட்டியலில் இல்லை. கைப்பிடி இறக்கப்பட்டது. சிக்னல் பச்சை. பிரேக் விடுவிப்பு: 38 நொடி.

நாள் 212. 14:19:20
மேடையில் எடை: இல்லை. மூன்றாம் வண்டியில் எடை கூடுதல்: 94 கிலோ. ரயில் புறப்பட்டது. தளம் சேரும் நேரம் 14:59.

தாமதம்: 19 நிமிடம் 20 நொடி. காரணம் எழுதும் கட்டம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது: "ஒரு புள்ளி நின்னாலும் ரயில் நிக்கணும்."

எழுதியவர் விவரம் இல்லை. அழிக்கும் கட்டளை கொடுக்கப்பட்டது. அழியவில்லை.