ஜமீலா கடித்துக் கொடுத்த ஈயம்

நேற்று சாயாக்கடையில் வாய்விட்டுச் சிரித்தபோது என் பல்செட்டு கழன்று கிளாஸுக்குள் விழுந்துவிட்டது. "முதல்ல பல்லு குடிக்கட்டும் இக்கா, பின்ன நிங்க குடிச்சா போதும்" என்றான் கடைக்காரன். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். விரலை விட்டு எடுத்துத் துடைக்கும்போது நம் மகளின் பால்பற்கள் ஞாபகம் வந்தன. கூடவே நீயும். நீ போய்ச் சேர்ந்து மூன்று நோன்பு மாதம் கழிந்துவிட்டது.

மட்டாஞ்சேரிக்கு நாம் வந்த புதிதில் உன் சமையல் அடுப்பிலேயே பழைய ஈயத்தை உருக்கிப் பட்டை அடித்தேன். வீச்சுவலையின் விளிம்புக் கயிற்றில் அந்தப் பட்டையைச் சுற்றிப் பல்லால் கடித்து இறுக்கினால் வலையைத் தண்ணீரில் அமிழ்த்தும் குண்டு தயார். என் பல் அப்போதே ஆட்டம். ஐந்து வயது ஜமீலா ஒருநாள் கடித்துக் காட்டினாள். கச்சிதம்! அன்றிலிருந்து கடிப்பது அவள் வேலையானது. "என் மகளுக்கு அல்லா இடுக்கியை வாயிலேயே வச்சு அனுப்பியிருக்கான்" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். எட்டாவதில் தோற்றவனுக்குப் பெருமைப்பட வேறு என்ன இருந்தது?

"பிள்ளை வாயில வைக்கிற சாமானா இது?" என்று நீ கேட்டாய்.

"ஈயம் பூசின சட்டியிலதானே உங்க வீட்டுல பிரியாணியே ஆக்குறாங்க?" என்று உன் வாயை அடைத்தேன்.

இரண்டு வருடத்தில் அவளுக்கு ஓயாத வயிற்றுவலி. கற்ற எழுத்துகள் மறந்தன. பேச்சு பாதியில் நின்றது. என் அக்கா வந்து பார்த்துவிட்டு, "அப்படியே தாய்மாமன்" என்றாள். உன் தம்பி பிறவியிலேயே மந்தம். நீ தலை குனிந்தாய். நானும் அக்காவைத் தடுக்கவில்லை.

எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில் ஜமீலாவுக்கு ரத்தம் எடுத்த மறுவாரம், நீ மருந்து வரிசையில் நின்றிருந்தாய். உள்ளே டாக்டர் அவள் ஈறில் ஓடிய நீலக் கோட்டைக் காட்டி, "நிங்களுக்கு என்ன ஜோலி?" என்று கேட்டார். சொன்னேன்.

"ஈயம் உள்ள போய் மூளையைத் தொட்டிருக்கு. இன்னையோட நிறுத்துங்க. ஆனா போனது முழுசும் திரும்பி வராது."

படகில் திரும்பும்போது, "எங்க வீட்டு ரத்தம்தானே காரணம்? மறைக்காமச் சொல்லுங்க" என்றாய். "சத்துக் குறைவாம்" என்றேன். மறுநாளே ஈயம் உருக்குவதை வீட்டிலிருந்து தள்ளி இடக்கொச்சிக்கு மாற்றினேன், இடுக்கியும் வாங்கினேன். "முதலாளி ஆயிட்டீங்களே!" என்று நீ சிரித்தாய். அதையும் வாங்கிக்கொண்டேன்.

ஜமீலாவுக்கு இப்போது இருபது வயது. பொத்தான் மாட்ட இன்றும் என்னிடம்தான் வருகிறாள். "அத்தா" என்று சிரிக்கும்போது பல் வரிசை முத்துப் போல இருக்கிறது. என்னால் பார்க்க முடிவதில்லை.

கடைசி நாளில், நம் வழக்கப்படி, ஒவ்வொருவரிடமும் செய்த பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்டாய். என் முறை வந்தபோது கையைப் பிடித்து, "என்னாலதான் அவளுக்கு இந்தக் குறை. பொறுத்துக்கங்க" என்றாய்.

"பொறுத்துக்கிட்டேன்" என்றேன். பெரிய மனசு என்று அக்காகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நம் மகள் வாயில் ஈயத்தை வைத்தவன் நான், நீதான் என்னைப் பொறுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை.